தியான் சந்த் களம் விட்டிறங்கிய வரலாறு

புலவர், அருளாளர், நாட்டுத் தொண்டர் ஆகியோரின் வரலாறுகளே ஆண்டு விழா மலருக்கு ஏற்றவை என்பது நம்முள் பலருடைய எண்ணம். பந்தும் மட்டையுமாகத் திரிந்த ஒருவரைப் பற்றி எழுதப் புகும் நம்மைக் கண்டு முதியோர் சிலர் முகம் சுளிக்கவும் கூடும். ஆயினும் இவ்வாண்டு இப்பொருளை நாம் எடுத்துக்கொண்டதற்குத் தக்க காரணம் உண்டு.

2024ஆம் ஆண்டு ஆகஸ்டு 8ஆம் நாள் பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்பெயினை 2-1 என்று வென்று இந்திய ஹாக்கி அணி வெண்கலப் பதக்கம் பெற்றது. அன்றோடு தம் ஆட்டத்தை முடித்துக்கொண்டவர், நம் எர்ணாகுளம் மாவட்டத்துக் கிழக்கம்பலம் ஊரில் பிறந்த கோல் காப்பாளர் ஸ்ரீஜேஷ். பாரிஸில் ஆட்டம் தொடங்குமுன்பே, இதுவே தம் கடைசிப் போட்டி என்று அவர் அறிவித்துவிட்டார். அப்போது அவருக்கு வயது 36. அவர் அணிந்த 16ஆம் எண் சட்டையை இனி எவருக்கும் அளிப்பதில்லை என்று ஹாக்கி இந்தியா முடிவு செய்தது. கால்பந்தே அரசாளும் இந்தக் கொச்சி மாநகரில், வெளி மைதானத்திலும் பரேடு மைதானத்திலும் ஹாக்கி மட்டையைக் காண்பதே அரிது. அப்படியிருந்தும் மட்டாஞ்சேரியில் நம் காலனித் திண்ணைகளில் அன்றைக்கு எழுந்த வாதம் பல நாள் ஓயவில்லை. உடலில் வலுவிருக்க ஏன் விலக வேண்டும் என்று ஒரு சாரார் கேட்டனர். இலையில் சோறு மிச்சமிருக்கும்போதே கை கழுவுவதுதான் அழகு என்று மற்றொரு சாரார் சாதித்தனர்.

இந்த வாதம் விளையாட்டைப் பற்றியது மட்டும் அன்று. எழுபது வயதாகியும் பாண்டிகசாலையின் சாவிக்கொத்தை இடுப்பை விட்டு அவிழ்க்காத தந்தையரும், அந்தச் சாவியை எதிர்நோக்கியே தலை நரைத்த மைந்தரும் நம்மிடையே இல்லாமல் இல்லை. சங்கங்களின் நிர்வாகக் குழுக்களைப் பற்றி நாம் ஒன்றும் சொல்லப் போவதில்லை. ஆகவே, இந்திய ஹாக்கி கண்ட தலையாய ஆட்டக்காரர் எப்போது, எவ்வாறு களம் விட்டிறங்கினார் என்று பார்ப்பது நமக்குப் பயன்படும் எனக் கருதினோம்.

தியான் சந்த் 1905ஆம் ஆண்டு ஆகஸ்டு 29ஆம் நாள் அலகாபாத்தில் பிறந்தார். தந்தையார் ஆங்கில அரசின் இந்தியப் படையில் ஊழியம் செய்தவர். பட்டாளத்துக் குடும்பங்களுக்கு ஊர் மாற்றம் புதிதன்று. இன்று ஓர் ஊர், நாளை மற்றோர் ஊர் என்று பெயர்ந்து பெயர்ந்து இறுதியில் ஜான்சி நகரில் நிலைகொண்டனர். பிழைப்பைத் தேடி மாநிலம் விட்டு மாநிலம் வந்து வேரூன்றிய நம் போன்றோர்க்கு அந்த அலைச்சல் எத்தகையது என்று விளக்க வேண்டியதில்லை. அந்த அலைச்சலில் சிறுவனின் படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றது. இளமையில் அவருக்கு ஹாக்கியில் பெரு நாட்டம் இருந்ததாகவும் தெரியவில்லை. மற்போரே அவர் மனத்துக்கு உகந்ததாய் இருந்தது.

1922இல் பட்டாளத்தில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தார். அங்கே பாலே திவாரி என்னும் ஸுபேதார் மேஜர் அவர் கையில் மட்டையைக் கொடுத்து, ஆட்டத்தின் அரிச்சுவடியைக் கற்பித்தார். பகலெல்லாம் அணிவகுப்பும் காவலுமாகக் கழிந்துவிடும். ஓய்வு கிடைப்பது இரவில்தான். விளக்கில்லாத மைதானத்தில் நிலவொளியை நம்பிப் பந்தை உருட்டிப் பழகியதால்தான் தியான் சிங் என்னும் அவருடைய பெயருக்குப் பின்னே நிலவைக் குறிக்கும் சந்த் என்னும் சொல் ஒட்டிக்கொண்டது என்று கூறுவர். நிலவுக்காகக் காத்திருந்து பழகும் ஒருவன் பந்தைக் கண்ணால் பார்ப்பதைவிட மட்டையின் உணர்ச்சியால் அறியக் கற்றுக்கொள்வான் அன்றோ! பின்னாளில் பந்து அவர் மட்டையை விட்டு அகலவே மறுத்ததையும், மட்டைக்குள் காந்தம் ஒளிந்திருக்கிறது என்றெல்லாம் கதை கிளம்பியதையும் நோக்கும்போது, அந்த நிலவுப் பயிற்சியை நாம் நம்பவே விரும்புகிறோம்.

1926இல் இந்தியப் படையின் அணி நியூஜிலாந்து சென்றது. 21 ஆட்டங்களில் 18 வெற்றி, 2 சமன், 1 தோல்வி. கடலைக் கடந்து சென்று, துரைமார்களோடு சரிநிகராக மைதானத்தில் நின்று, வென்று திரும்பிய அச்சிப்பாய்க்குப் பட்டாளம் அளித்த பரிசு லான்ஸ் நாயக் பதவி. இரண்டாண்டு கழித்து ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக். அங்கே இந்தியா ஐந்து ஆட்டங்களில் 29 கோல் போட்டது. தன் வலைக்குள் ஒரு கோலும் விழ விடவில்லை. அந்த 29இல் தியான் சந்தின் பங்கு 14. 1932இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் அமெரிக்காவை 24-1 என்று வென்றபோது தம்பி ரூப் சிங் 10 கோலும், தமையனார் 8 கோலும் போட்டனர். அந்த ஒலிம்பிக்கில் மூன்றே நாடுகள்தான் ஹாக்கி ஆடின என்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை.

1935இல் அவர் தலைமையில் மீண்டும் நியூஜிலாந்து, ஆஸ்திரேலியா நாடுகளில் ஒரு நெடும் பயணம். அப்போது அடிலேய்டு நகரில் கிரிக்கெட் வீரர் டொனால்டு பிராட்மனைச் சந்தித்தார். இருவரும் ஆகஸ்டு மாதத்தில் பிறந்தவர்கள்; பிராட்மன் பிறந்தது 1908ஆம் ஆண்டு ஆகஸ்டு 27ஆம் நாள். தத்தம் ஆட்டத்தில் ஒப்பாரும் மிக்காரும் இல்லாதவர் என்று உலகம் போற்றிய இருவரும் ஒரே ஆண்டில், சில திங்கள் இடைவெளியில், களத்திலிருந்து விலகப் போகிறார்கள் என்று அன்று எவர் எண்ணியிருப்பார்? அதைப் பின்னர்க் காண்போம்.

1936ஆம் ஆண்டின் பெர்லினைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தியான் சந்த் அணித்தலைவர். வயது முப்பதைத் தாண்டி முப்பத்தொன்றை எட்டிக்கொண்டிருந்தது. ஜூலை 17ஆம் நாள் பயிற்சி ஆட்டம் ஒன்றில் ஜெர்மானியர் இந்தியாவை 4-1 என்று தோற்கடித்தனர். வெற்றி ஒன்றையே கண்டு பழகிய அணிக்கு இது பேரிடி. தாயகத்துக்குத் தந்தி பறந்தது. தாரா என்னும் முன்வரிசை வீரர் விமானமேறி வந்து சேர்ந்தார். அக்காலத்தில் ஒரு விளையாட்டு வீரனுக்காக விமானச் செலவு செய்வது எளிய காரியமன்று. பிறகு நடந்த ஆட்டங்களில் ஹங்கேரி, அமெரிக்கா, ஜப்பான், பிரான்சு ஆகிய நான்கு நாடுகளும் இந்தியாவுக்கு எதிராக ஒரு கோலும் போட முடியாமல் வீழ்ந்தன. இறுதி ஆட்டம் அதே ஜெர்மனியோடு. ஆகஸ்டு 14ஆம் நாள் மழை பெய்து மைதானம் ஆட்டத்துக்கு உதவாமற் போகவே, மறுநாளைக்குத் தள்ளி வைத்தனர்.

15ஆம் நாள் காலையில் உடை மாற்றும் அறையில், அணியின் உதவி மேலாளர் பங்கஜ் குப்தா தம்மோடு கொண்டுவந்திருந்த காங்கிரசின் மூவர்ணக் கொடியை எடுத்து விரித்தார். வீரர் அனைவரும் அதற்கு வணக்கம் செலுத்தினர். வெளியே அவர்கள் ஆடியதோ பிரித்தானிய இந்தியாவின் பெயரில். முற்பாதியில் விழுந்தது ஒரே கோல். ஈரத் தரையில் காலணி வழுக்குகிறது என்று கண்ட தியான் சந்த் பிற்பாதியில் அதைக் கழற்றி எறிந்துவிட்டு ஆடினார். முடிவில் இந்தியா 8, ஜெர்மனி 1. அந்த ஒலிம்பிக் முழுவதிலும் இந்தியா போட்டவை 38 கோல். வாங்கியது அந்த ஒன்றே. ஹிட்லர் அவரை அழைத்துப் பதவி தருவதாகச் சொன்னார் என்னும் கதை ஊருக்கொரு விதமாக வழங்குகிறது. சுவையான கதைதான், ஆனால் உடை மாற்றும் அறையில் விரிந்த அந்தக் கொடியே நம் கண்ணில் பெரிதாகப் படுகிறது.

மூன்று ஒலிம்பிக், மூன்று தங்கம். கை கழுவுவோர் கட்சியின் கணக்குப்படி இதுவே விலகுவதற்கு ஏற்ற நாள். தலைமை தாங்கி வென்றாயிற்று, உலகம் கைகொட்டுகிறது. அவர் விலகவில்லை. 1940இல் மீண்டும் ஆடுவோம் என்ற எண்ணம் அவருக்கு மட்டுமன்று, நாட்டுக்கே இருந்தது. ஆனால் உலகப் போர் மூண்டு 1940இன் ஒலிம்பிக்கையும் 1944இன் ஒலிம்பிக்கையும் விழுங்கிற்று. 31 வயதிலிருந்து 39 வயது வரையிலான அந்தக் காலம் ஓர் ஆட்டக்காரனுக்கு எவ்வளவு விலை மதிப்புடையது என்பதை எண்ணிப் பாருங்கள். பட்டாளத்து மைதானங்களிலும் உள்நாட்டுப் போட்டிகளிலும் அவர் ஆடிக்கொண்டுதான் இருந்தார். சிப்பாயாய்ச் சேர்ந்தவர் படிப்படியாக உயர்ந்து அதிகாரியும் ஆனார். உலக மேடை மட்டும் பன்னிரண்டாண்டுகள் இருண்டு கிடந்தது.

1947இல் நாடு விடுதலை பெற்றது, பிரிந்தும் போயிற்று. பெர்லினுக்கு விமானத்தில் பறந்து வந்த தாராவே அடுத்த ஆண்டு லண்டனில் பாகிஸ்தான் அணியின் தலைவரானார் என்றால், அப்பிரிவினை ஆட்டக்காரர்களை எப்படிப் பிளந்தது என்பது விளங்கும். இந்நிலையில் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து இந்திய ஹாக்கி நிர்வாகத்துக்கு ஓர் அழைப்பு வந்தது. அங்கே குடியேறியிருந்த ஆசிய மக்களின் விளையாட்டுச் சங்கம் இந்திய அணியை வரவேற்க ஆவலோடு காத்திருந்தது. ஆனால் ஒரு நிபந்தனை: தியான் சந்த் வரவில்லையென்றால் அணியே வர வேண்டியதில்லை.

அன்பர்களே, இந்த நிபந்தனையை நாம் எளிதாகப் புரிந்துகொள்ள முடியும். ரெயில் பாதை போடப் போனவர்கள், கடை வைக்கப் போனவர்கள், கணக்கெழுதப் போனவர்கள், அவர்களுடைய மக்கள் என்று வாழ்ந்த கூட்டம் அது. தியான் சந்த் என்னும் பெயரைப் பத்திரிகையில் படித்தும், கப்பலில் வந்தவர் வாயால் கேட்டும் வளர்ந்தவர்கள். அந்த மனிதரைத் தங்கள் கண்ணால் ஒரு முறை பார்க்க வேண்டும். தங்கள் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும். ஊரிலிருந்து ஒரு பெரியவர் வருகிறார் என்றால் ரெயில் நிலையத்துக்கே மாலையோடு போய் நிற்கும் நம் காலனிக்கு இந்த ஏக்கம் அயலானதன்று. அவருக்கு வயதாகிவிட்டதே, பழைய வேகம் இருக்குமா என்னும் கேள்வி அவர்களுக்கு எழவே இல்லை.

கேள்வி எழுந்திருக்க வேண்டிய இடம் தியான் சந்தின் உள்ளம். வயது 42. தோற்றால் பழைய புகழுக்கு இழுக்கு. தடுமாறினால் பார்ப்பவர் இரங்குவர். புகழைப் பெட்டியில் பூட்டி வைக்கும் இயல்புடையவராக இருந்திருந்தால் மரியாதையாக மறுத்திருக்கலாம். அவர் ஒப்புக்கொண்டு, அணித்தலைவராகப் புறப்பட்டார். அங்கே 22 ஆட்டங்களில் 60க்கு மேற்பட்ட கோல்களைப் போட்டார். பார்க்க வந்தவர் ஏமாறவில்லை.

ஆனால் அப்பயணத்தில் நடந்த மற்றொன்றையும் குறிப்பிட வேண்டும். அவரோடு சென்றவர்களுள் குன்வர் திக்விஜய் சிங் பாபு என்னும் இருபத்தைந்து வயது இளைஞர் ஒருவர் இருந்தார். பயண முடிவில் எண்ணிப் பார்த்தபோது பாபுவின் கோல்கள் 70. தலைவருடையதைவிட அது அதிகம்! தம்மைக் காணவே கூடிய மக்கள் முன்னிலையில், தம் தலைமையிலேயே ஆடிய இளைஞன் தம்மை முந்திவிட்டான். பந்தை எவருக்குக் கொடுத்தால் கோலாகும் என்று அறிந்து கொடுப்பதுதான் தியான் சந்தின் ஆட்டத்துக்கே உயிர்நாடி. ஆகவே அந்த 70இல் அவருடைய கையும் இருந்திருக்கும் என்று நாம் கொள்வதில் பிழையில்லை.

இங்கே ஆட்டத்தின் இயல்பைச் சற்று விளக்குவோம். தாய்மார்களும் சிறுவர்களும் பொறுத்தருள்க. அக்காலத்து ஹாக்கியில் முன்வரிசையில் ஐவர் நிற்பர். நடுவே நிற்பவர் சென்டர் பார்வர்டு. தியான் சந்தின் இடம் அது. பந்து வந்ததும் முதல் நாலைந்து எட்டில் எதிரியைத் தாண்டிவிட வேண்டும். முதுமை முதலில் தின்பது இந்த நாலைந்து எட்டைத்தான். மணிக்கட்டின் நயம் உடனே போவதில்லை. களத்தை ஒரே பார்வையில் அளக்கும் அறிவோ வயதோடு வளரவும் செய்யும். எனவேதான் நாற்பது கடந்த மேதை ஒருவர் சாதாரண அணிகளோடு ஆடும்போது முன்னிலும் சிறந்தவர் போலத் தோன்றுவார். அவரும் அதை நம்பிவிடுவார். சுற்றியிருப்போர் நம்ப வைப்பர். சமமான எதிரி எதிரே வந்து, அந்த நாலைந்து எட்டு தேவைப்படும் நொடியில்தான் உண்மை வெளியாகும்.

1948இல் நாடு திரும்பியதும், பெரிய போட்டிகளிலிருந்து சிறிது சிறிதாக விலகிக்கொள்வது என்று தியான் சந்த் முடிவு செய்தார். அந்த ஆண்டு லண்டனில் ஒலிம்பிக் நடக்கவிருந்தது. விடுதலை பெற்ற இந்தியா தன் கொடியோடு, தன் பெயரோடு செல்லும் முதல் ஒலிம்பிக் அது. பெர்லினில் அறைக்குள் மறைவாக வணங்கியவர்களுள் தலையானவருக்கு, வெட்டவெளியில் அந்த மூவர்ணம் ஏறுவதைத் தாம் ஆடி வென்று காண வேண்டும் என்னும் ஆசை இருந்திருக்காதா? அவர் கேட்டிருந்தால் இடம் தர மறுக்கும் துணிவு எவருக்கு இருந்திருக்கும்? இந்த இரண்டு கேள்விகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால்தான் அவர் எதைத் துறந்தார் என்பது தெரியும்.

லண்டனுக்குப் புறப்படவிருந்த ஒலிம்பிக் அணியோடு, பிற வீரர்களைத் திரட்டிய அணி ஒன்றுக்குத் தலைமை தாங்கி அவர் ஒரு காட்சி ஆட்டம் ஆடினார். ஒலிம்பிக் அணி 2-1 என்று வென்றது. தோற்ற அணியின் அந்த ஒரு கோல் தியான் சந்த் போட்டது. ஐயோ, இன்னும் ஆடலாமே என்று அன்று பலர் உருகியிருப்பர். நாம் அதே கணக்கை வேறு விதமாகப் படிக்கிறோம். போகிற இளைஞர்கள் தம்மை வெல்லும் வலுவுடையவர்கள் என்பதை எதிர்நின்று அளந்து பார்த்துக்கொண்டு அவர் ஒதுங்கினார். அளக்காமல் ஒதுங்குவது வேறு, அளந்தபின் ஒதுங்குவது வேறு. கடைசியாக வங்காள அணியோடு ஓர் ஆட்டம். அது சமனில் முடிந்தது. அதன்பின் ஹாக்கி நிர்வாகம் பொதுவிழா எடுத்து அவரைப் பாராட்டி விடை கொடுத்தது. வெற்றியுமில்லை, தோல்வியுமில்லை, நாடகக்காரர் எழுதினால் இப்படி முடிக்க மாட்டார்.

1948ஆம் ஆண்டு ஆகஸ்டு 12ஆம் நாள் வெம்பிளி அரங்கில், மழையில் நனைந்த தரையில், இந்தியா பிரிட்டனை 4-0 என்று வென்று தங்கம் பெற்றது. தலைவர் கிஷன் லால், துணைத்தலைவர் பாபு. நான்கு கோல்களில் இரண்டு, 24 வயதான பல்பீர் சிங் போட்டவை. நான்காண்டு கழித்து ஹெல்சிங்கி இறுதி ஆட்டத்தில் நெதர்லாந்துக்கு எதிராகத் தனியொருவராக 5 கோல் போட்டவரும் இவரே. முன்வரிசையில் நடுவிடத்துக்குரிய இந்த இளைஞர் லண்டனில் எவருக்காகவாவது வெளியே உட்கார வேண்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை வாசகர் ஊகத்துக்கே விடுகிறோம்.

அதே லண்டனில் இரண்டு நாள் கழித்து, ஆகஸ்டு 14ஆம் நாள், ஓவல் மைதானத்தில் பிராட்மன் தம் கடைசி டெஸ்டு ஆட்டத்தில் மட்டை பிடிக்க இறங்கினார். இன்னும் 4 ஓட்டம் எடுத்தால் அவருடைய சராசரி சரியாக 100 ஆகும். இரண்டாம் பந்திலேயே ஓட்டம் ஒன்றும் எடுக்காமல் வெளியேறினார். 99.94 என்னும் எண் அவர் பெயரோடு நிலைத்துவிட்டது. அந்த 4 ஓட்டத்துக்காக இன்னொரு தொடர் ஆடலாம் என்று அவர் நினைக்கவில்லை.

வயதை மட்டும் அளவுகோலாகக் கொள்வோரிடம் நாம் உடன்படுவதில்லை. லெஸ்லி கிளாடியஸ் மூன்று ஒலிம்பிக்கில் தங்கம் பெற்றபின், 33 வயதில் தலைவராக 1960இல் ரோம் சென்றார். இறுதி ஆட்டத்தில் பாகிஸ்தானிடம் 0-1 என்று இந்தியா தோற்றது. 1928 முதல் ஒலிம்பிக்கில் தோல்வியே அறியாதிருந்த இந்தியாவுக்கு அதுவே முதல் தோல்வி. அந்த ஆட்டத்தில் உடனிருந்த உதம் சிங் அதனோடு ஓய்ந்துவிடாமல், 1964இல் டோக்கியோவுக்குப் போய், 36 வயதில் தங்கத்தோடு திரும்பினார். 33 வயது மிகுதி, 36 வயது சரி என்று எந்தக் கணக்கன் எழுதுவான்? தமிழ்க் குடும்பத்தில் பிறந்து புனே நகரையடுத்த கட்கியில் வளர்ந்த தன்ராஜ் பிள்ளை, 1992 முதல் 2004 வரை நான்கு ஒலிம்பிக் ஆடியவர். 36 வயதில் ஏதென்சுக்குச் சென்ற அவருக்கு அங்கே களத்தில் கிடைத்த நேரம் மிகக் குறைவு. அணியும் ஏழாம் இடத்தோடு திரும்பிற்று. நம்மைப் போலவே வெளி மாநிலத்தில் வாழ்ந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை அவர் என்பதால் அந்தக் காட்சி நம்மை உறுத்தியது. ஆனால் அவரை அழைத்துச் சென்று உட்கார வைத்த முடிவு அவருடையதன்று. விலகும் நாளை ஆட்டக்காரன் தானே குறிக்காவிட்டால் பிறர் குறிப்பர். அவர்கள் மரியாதை பார்த்துக் குறிப்பதில்லை.

தியான் சந்தின் மற்றொரு நல்லூழையும் இங்கே சொல்ல வேண்டும். அவர் ஆட்டத்தை நம்பி உணவு உண்டவரல்லர். பட்டாளம் சோறு போட்டது. ஆட்டத்தை விட்டால் அடுப்பு எரியாது என்னும் நிலை இருந்திருந்தால் அவரும் ஐம்பது வயது வரை காட்சி ஆட்டம் ஆடியிருக்கக் கூடும். அதைக் குறை சொல்லவும் நமக்கு உரிமை இராது. உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெறுவதும் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெறுவதும் அவருக்கு இருவேறு நாட்களில் வந்தன. மட்டையைக் கீழே வைத்தபின்னும் எட்டாண்டுக்குக் குறையாமல் சீருடை அணிந்திருந்தார். 1952இல் தம் வாழ்க்கை வரலாற்றைக் கோல் என்னும் பெயரில் ஆங்கில நூலாக வெளியிட்டார். அதை அச்சிட்டு வெளியிட்டது நம் சென்னை மாநகரின் ஸ்போர்ட் அண்டு பாஸ்டைம் பத்திரிகை என்பது தமிழர் மகிழத்தக்க செய்தி. 1956இல், 34 ஆண்டு ஊழியத்துக்குப்பின், மேஜராக ஓய்வு பெற்றார். அவ்வாண்டே பத்மபூஷண் விருதும் கிடைத்தது.

பிறகு பாட்டியாலாவின் தேசிய விளையாட்டுப் பயிற்சி நிலையத்தில் தலைமை ஹாக்கிப் பயிற்சியாளராகச் சில ஆண்டுகள் பணியாற்றினார். களத்தில் இறங்கி ஆடுவது போயிற்று; களத்துக்கு அனுப்புவது தொடர்ந்தது. ஸ்ரீஜேஷுக்கும் பாரிஸிலிருந்து திரும்பியவுடன் இளையோர் அணியைப் பயிற்றும் பொறுப்பு வந்ததை வாசகர் அறிவர்.

இறுதிக் காலம் இனிதாக அமையவில்லை. கையில் பொருள் குறைவு. உடலில் நோய் மிகுதி. 1975ஆம் ஆண்டு மார்ச்சு 15ஆம் நாள் கோலாலம்பூரில் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் பாகிஸ்தானை இந்தியா 2-1 என்று வென்றபோது, வெற்றிக் கோலைப் போட்டவர் அவருடைய மைந்தர் அசோக் குமார். அந்த மகிழ்ச்சி ஓராண்டே நிலைத்தது. 1976இல் மான்ட்ரியல் ஒலிம்பிக்கில், செயற்கைப் புல்தரையில் ஆடிய இந்தியா ஏழாம் இடத்துக்கு இறங்கிற்று. 1928 முதல் பதக்கமின்றித் திரும்பியது அதுவே முதன்முறை. 1977 டிசம்பரில் தம்பி ரூப் சிங் மறைந்தார். 1979ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் நாள், கல்லீரல் புற்றுநோயால், தில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்து மருத்துவமனையின் பொதுப் படுக்கைப் பிரிவில் தியான் சந்த் காலமானார்.

அவர் பிறந்த ஆகஸ்டு 29ஆம் நாளை நாடு தேசிய விளையாட்டு நாளாகக் கொண்டாடுகிறது. தில்லியின் தேசிய விளையாட்டரங்கு 2002இல் அவர் பெயரைப் பெற்றது. நாட்டின் தலையாய விளையாட்டு விருதாகிய கேல் ரத்னா 2021இல் அவர் பெயரால் மாற்றப்பட்டது. இவையெல்லாம் பின்னாளில் வந்தவை. 1979 டிசம்பரில் அவருடைய உடலை ஜான்சிக்குக் கொண்டு சென்றனர். மைதானத்தில் எரியூட்டுவதற்கு இசைவு பெறுவதில் முதலில் சில தடங்கல்கள் நேர்ந்தன. அவை நீங்கியபின், ஜான்சி ஹீரோஸ் மைதானத்திலேயே, பஞ்சாப் ரெஜிமெண்டுச் சிப்பாய்கள் படை மரியாதை செலுத்த, அவருக்கு இறுதிச் சடங்கு நடந்தது.